பத்து நாற்பதுக்கு எடுத்த படம்

ஒரகடம்
16.03.2025, ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய பூமாரி மதினிக்கு,

மணிகண்டபிரபு வணக்கத்தோடு எழுதுவது. கனிஷ்காவுக்குச் சளி குறைந்ததா? உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் நலத்தைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. இதைப் படித்து முடித்த பிறகும் கேட்கத் தோன்றினால் அப்போது கேளுங்கள்.

முதலில் ஒரு காரியம். வருகிற வெள்ளிக்கிழமை காசிராஜன் அண்ணாச்சி கயத்தாறு வருகிறார். உங்கள் வீட்டுக்கும் வருவார். பழம், பிஸ்கட், கனிஷ்காவுக்குக் கவுன் எல்லாம் கொண்டுவருவார். கூடவே ஒரு தாளும் இருக்கும். அண்ணன் சாவுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை, இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த மாதிரி அதில் டைப் அடித்திருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். சாட்சி என்கிற இடத்தில் என் பெயரும் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு மாமா முறை, எங்களை வேலைக்குக் கூட்டிவந்த கான்ட்ராக்டர் என்று முகத்துக்காகப் பார்க்காதீர்கள். இந்த ஒன்றைப் படித்துவிட்டு மீதியைக் கிழித்துப் போட்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

போனில் சொல்லியிருக்கலாம். நாலு தரம் கூப்பிட்டேன். நாலு தரமும் நீங்கள் எடுத்ததும், சாப்பிட்டீரா கொழுந்தனாரே என்றுதான் கேட்டீர்கள். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. இன்னொன்று, போனில் சொன்னதை நாளைக்கு நானே இல்லையென்று சொல்லிவிடுவேனோ என்று பயம். எழுதிவிட்டால் மாற முடியாது. இது என் கையெழுத்து. யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

மதினி, அண்ணன் ரோட்டில் அடிபட்டுச் சாகவில்லை. கம்பெனிக்குள் செத்தார். நான் அப்போது வேலை பார்த்த பிரஸ் மெஷினில், என் கார்டை மாட்டிக்கொண்டு, என் பெயரில் நின்றபோது செத்தார். அந்த நேரத்தில் நான் வந்தவாசிக்கு அந்தப் பக்கம் ஒரு மலையில் சிலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கான்ட்ராக்ட் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கேட்டில் கார்டைக் காட்டினால் கதவு திறக்கும். கார்டில் இருக்கிற முகத்தை ஒருத்தரும் பார்ப்பதில்லை. லீவு கிடைக்காதவன் வேறு ஷிப்ட்டுக்காரனிடம் கார்டைக் கொடுத்துவிட்டுப் போவான். அடுத்த மாதம் இவன் அவனுக்காக நிற்பான். ஆள் எண்ணிக்கை சரியாக இருந்தால் அண்ணாச்சியும் கண்டுகொள்ள மாட்டார். போன வருடம் கனிஷ்காவுக்குக் காது குத்தும்போது அண்ணன் மூன்று நாள் ஊரில் இருந்தாரே, அந்த மூன்று நாளும் பேக்கிங்கில் சுடலைக்கண்ணு என்ற பெயரில் நின்றவன் நான்தான். அதற்காகத்தான் நீங்கள் ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு கொடுத்துவிட்டீர்கள்.

குவாலிட்டி செக்ஷனில் ராஜமதி என்று ஒரு பெண் இருக்கிறாள். குடும்பம் வாலாஜாபாத்தில் இருக்கிறது, பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். சமணக் குடும்பம். நம்மைப் போலவே தமிழ் பேசுகிற சமணர்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள். எனக்குச் சொந்த ஊர் கழுகுமலை என்று தெரிந்ததும், உங்க ஊரு மலையில எங்க சாமிங்க எத்தினி பேரு செதுக்கி வச்சிருக்காங்க, பாத்திருக்கியா என்று கேட்டாள். மலையடியிலேயே பிறந்தவன் நான். கிரிக்கெட் பந்தைத் தேடிக்கொண்டுதான் அந்தப் பக்கம் ஏறியிருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் மேற்கொண்டு கேட்ட கேள்விகளில் மாட்டிக்கொண்டேன். சிரித்துவிட்டு, பொங்கல் தாண்டி வர்ற ஞாயித்துக்கெழம எங்க வூட்ல எல்லாரும் மலைக்குப் போறோம், நீயும் வந்து நெசமாவே பாரு என்றாள். எனக்கு அவள்மேல் ஒரு இது இருந்தது. அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் காதில் போட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

பொங்கல் லீவுக்கு ஈடாக அந்த ஞாயிறு, ஜனவரி பத்தொன்பது, கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரும் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்கத் தன் கார்டில் வேலை பார்த்துவிட்டு, காலையில் என் கார்டில் மறுபடி உள்ளே போகிறேன் என்று அவரே சொன்னார். நான் ஒரு பேச்சுக்கு வேண்டாம் என்றேன். ஒரு பேச்சுக்குத்தான்.

காலை ஆறே முக்காலுக்கு கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் கார்டைக் கொடுத்தேன், அவர் தன் பைக் சாவியைக் கொடுத்தார். நான் யூனிஃபார்ம் சட்டையைத்தான் போட்டிருந்தேன். ரூமில் இருக்கிறவர்கள் நான் வேலைக்குப் போவதாக நினைக்க வேண்டுமே. மெஷின் எது என்று சொன்னேன். எத்தனை பீஸ் அடிக்க வேண்டும் என்று சொன்னேன். முக்கியமானதைச் சொல்லவில்லை.

என் மெஷினுக்கு ஒரு நோய் உண்டு. பட்டனை அழுத்தினால் மேலே இருக்கிற இரும்பு ஒரு தரம் இறங்கித் தகட்டை அடித்துவிட்டு மேலே போய் நிற்க வேண்டும். இது சில சமயம் யாரும் தொடாமலே இன்னொரு தரம் இறங்கும். நாங்கள் ரெட்டை அடி என்போம். மூன்று தரம் சூப்பர்வைசரிடம் சொன்னேன். லைனை நிறுத்தினால் மேலே பதில் சொல்ல வேண்டும், பார்த்து அடி என்றார். நானும் பார்த்து அடிக்கப் பழகிவிட்டேன். அடி விழுந்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் கையை உள்ளே விடுவேன். தினமும் ஆயிரம் தரம் எண்ணி எண்ணி, எண்ணுகிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. மூச்சு விடுவதை யாராவது இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுப்பார்களா? அப்படித்தான் அதைச் சொல்லாமல் விட்டேன்.

உத்திரமேரூர் வழியாகப் போனேன். பனியும் வெயிலுமாக நல்ல காலை. மலை என்று பெரிதாக ஒன்றுமில்லை, குன்றுதான். பாறையடி வரை வண்டி போகிறது. எதிர்க் குன்றைப் பாதிக்குமேல் ஜல்லிக்கு வெட்டி எடுத்துவிட்டார்கள், லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. இந்தக் குன்றில் சிலைகள் இருப்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று ராஜமதியின் அப்பா சொன்னார். அவர்கள் ஒரு குடம் பாலும் சந்தனமும் கொண்டுவந்திருந்தார்கள். பாறையிலேயே செதுக்கிய உருவங்கள். முக்குடைக்குக் கீழே சம்மணம் போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சிங்கத்தோடு ஒரு அம்மன். ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒருவர் துணியில்லாமல் நின்றுகொண்டிருக்கிறார். அவர் காலடியில் தேய்ந்துபோன எழுத்து ஒரு வரி இருக்கிறது. செத்துப்போன ஒருவருக்காக இன்னொருவர் செய்வித்த சிலை என்று அர்த்தமாம். நம் கழுகுமலையிலும் அப்படித்தானாம்; தச்சர், கொல்லர் என்று வேலைக்காரர்கள் செய்துவைத்ததெல்லாம் பெயரோடு இருக்கிறது என்று அந்தப் பெரியவர் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

நின்றுகொண்டிருந்த சிலையின் கைகளைப் பார்த்தேன். இரண்டும் தொடையைத் தொடாமல் நேராகத் தொங்குகின்றன. எதையும் எடுக்கப் போகாத கை. எவ்வளவு நேரம் இப்படி நிற்பார் என்று கேட்டேன். கொடி வந்து மேல சுத்துற வரைக்கும் நிப்பாங்க, கைய அசைக்கவே மாட்டாங்க என்றாள் ராஜமதி. அந்த நிமிடம்தான் மதினி எனக்கு உறைத்தது. அண்ணனிடம் எண்ணச் சொல்லவில்லையே என்று.

போனை எடுத்தேன். அண்ணன் போன் லாக்கரில் இருக்கும், உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். சூப்பர்வைசர் நம்பர் என்னிடம் இருந்தது. அவரைக் கூப்பிட்டு, நாலாம் நம்பர் மெஷினில் நிற்கிறவரிடம் ரெட்டை அடியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் முடிந்தது. ஆனால் நான் உள்ளே இல்லை என்பது தெரிந்துவிடும். இரண்டு பேர் வேலையும் போகும். பழைய ஆள்தானே, நாலு வருடம் முன்னால் வேறு கம்பெனியில் பிரஸ் ஓட்டியவர்தானே, சமாளித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன் கையில்தான் இருந்தது. அதற்குள் ராஜமதி, போனத்தான் எடுத்துட்டியே, குடு, ஒரு போட்டோ எடுக்கறேன் என்று வாங்கிக்கொண்டாள். எங்க சாமி துணியே இல்லாம நிக்குது, நீ இன்னாடான்னா யூனிஃபார்மோட நிக்கற என்று அவள் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். படம் எடுத்தபோது மணி பத்து நாற்பது.

அண்ணன் செத்தது பதினொன்றே காலுக்கு. பக்கத்து மெஷின்காரர் ஐயனார், உத்திரமேரூர் ஆள், அவர்தான் பிறகு என்னிடம் சொன்னார். டீ குடிச்சிட்டு வந்து நின்னாருபா, தகடு ஒண்ணு மாட்டிக்கிச்சு, அத்த எடுக்கத் தலைய உள்ள வுட்டுக்கினு குனிஞ்சாரு, நான் ஏய்னு கத்தறதுக்குள்ள ரெண்டாவது அடி வுழுந்துச்சு என்று சொல்லி அழுதார். அதற்குமேல் உங்களுக்கு எழுத மாட்டேன். வலி தெரிந்திருக்காது என்று அவர் சொன்னார், அதை மட்டும் எழுதுகிறேன்.

முப்பத்தைந்து நிமிடம் இருந்தது மதினி. கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

மூன்று மணிக்கு நான் ரூமுக்குத் திரும்பியபோது அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னார். தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆள மாத்துனவன் நீ, ரெக்கார்டுல உள்ள இருந்தவன் நீ, போலீசு வந்தா மொதல்ல ஒன்னையத்தான் தூக்கும், பூமாரிக்கு நான் இருக்கேம்லா என்று நிதானமாகச் சொன்னார். அண்ணனை அதற்குள் வேனில் வெளியே கொண்டுபோய், வாலாஜாபாத் ரோட்டில் அடிபட்டுக் கிடந்தார் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அதற்கு வண்டி வேண்டுமே. சாவியைக் கேட்டார். கொடுத்தேன். குடோனுக்குப் பின்னால் வைத்து இரும்புக் கம்பியால் முன்பக்கத்தை உடைத்தார்கள். முன் விளக்கு டூமில் உங்கள் பெயர் ஸ்டிக்கர் இருந்ததே, அதுதான் முதலில் நொறுங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், தடுக்கவில்லை.

ஏழு மணிக்கு நான் வேலைக்குள் போகும்போது சுடலைக்கண்ணு வண்டியில் வெளியே போனதைப் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். அன்றைக்கு மூன்றரை மணிக்கு என் கார்டு அவுட் ஆகியிருக்கிறது. அண்ணன் கழுத்திலிருந்து அதைக் கழற்றி யாரோ கேட்டில் காட்டியிருக்கிறார்கள். ரெக்கார்டுப்படி அன்றைக்கு நாலாம் நம்பர் மெஷினில் ஷிப்ட் முழுசாக முடிந்திருக்கிறது. அந்தக் கார்டைக் கழுவித் துடைத்து என்னிடமே கொடுத்தார்கள். எட்டு வாரமாக அதை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போய்வருகிறேன்.

ஊரில் அண்ணனைக் கிடத்தியிருந்தபோது நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குளிக்காம வெளிய போகமாட்டாகளே, நகத்துல கிரீசு இருக்கே என்று கேட்டீர்கள். வண்டிச் செயின் கழன்றிருக்கும், மாட்டியிருப்பார் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். உங்களுக்கு அப்போதே தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்தும் என்னை நம்ப முயற்சி செய்தீர்கள். அது என்னைக் கொல்கிறது.

கடைசியாக என்ன சொன்னார் என்றும் கேட்டீர்கள். கனிஷ்காவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்றார் என்று சொன்னேன். அது பொய். டீக்கடையில் அவர் உண்மையில் சொன்னது இதுதான்: வண்டியில ஒரு கீறல் விழுந்துச்சுன்னா ஒங்க மதினி என்னைய நடையேற விடமாட்டா டே, பேரு எழுதிருக்குன்னு பாத்து ஓட்டு. பிறகு கேட்டுக்குள் பாதி போய்த் திரும்பி நின்று, அந்தப் பிள்ளகிட்ட ரொம்பப் பேசாத, பேசாம இருந்தாத்தான் ஒன்னைய நல்லவன்னு நெனப்பாக என்று கத்தினார். சிரித்துக்கொண்டேதான் போனார். இது உங்களுக்குச் சேர வேண்டியது. இத்தனை நாள் நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

ராஜமதி மறுநாளே கேட்டுவிட்டாள், அந்த வண்டி நம்ம கூடத்தான இருந்துச்சு, அதுல எப்டி அவரு அடிபட்டாரு என்று. எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கேன்டீனில் பார்த்தால் தட்டோடு எழுந்து போய்விடுகிறாள். அவள் செய்வதுதான் சரி.

இவ்வளவு நாள் பொறுத்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நாலாம் நம்பர் மெஷினை எட்டு வாரமாகச் சரி பார்க்கவில்லை. தரையைக் கழுவிவிட்டு மறுநாளே ஓட்டினார்கள். என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டு ஐயனாரை அதில் நிறுத்தியிருக்கிறார்கள். எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். போன புதன்கிழமை அது மறுபடி இரண்டாவது தரம் இறங்கியது. அவர் கையுறை மட்டும் உள்ளே போனது, விரல் தப்பியது. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அதே புதன்கிழமை சாயங்காலம்தான் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, உங்களுக்கான தாளைக் காட்டி, நீயும் கூட வா, நீ வந்தா அவ போட்டுருவா என்றார். வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வரமாட்டேன்.

நேற்று ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். பைசா வேண்டாம் என்றார். படத்தைக் காட்டினேன். படத்துக்கு அடியிலேயே தேதி, நேரம், இடம் எல்லாம் விழுந்திருக்கிறது. அப்படிப் பதிகிற கேமரா ஆப்பை எங்கள் எல்லார் போனிலும் ஏற்றச் சொன்னதே அண்ணாச்சிதான், வேலைக்கு நேரத்தோடு வந்தோமா என்று பார்ப்பதற்கு. அதில் நான் யூனிஃபார்மோடு சிலை பக்கத்தில் நிற்கிறேன். பின்னால் வண்டி நிற்கிறது, நம்பரும் உங்கள் பெயரும் படிக்கிற மாதிரி இருக்கின்றன. போன இடத்தில் படம் ஏதாவது எடுத்திருந்தால் அழித்துவிடு என்று அண்ணாச்சி அன்றைக்கே சொல்லியிருந்தார், அழித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் உருப்படியானது.

வக்கீல் இரண்டு விஷயம் சொன்னார். பெண்டாட்டி கையெழுத்து இல்லாமல் இதை எடுத்து நடத்த முடியாது. ஆள் மாறியதற்கும் பொய்ச் சாட்சிக்கும் என் பெயரும் இதில் வரும், தண்டனையும் வரலாம். வரட்டும் என்றேன். நீ வாயத் தொற, நானும் தொறக்கறேன் என்று ஐயனார் சொல்லியிருக்கிறார். ராஜமதிக்கும் இன்று ஒரு கடிதம் எழுதினேன், உனக்கு எழுதியதைவிட மதினிக்குப் பெரிதாக எழுதியிருக்கிறேன் என்று அதில் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை வேலைக்குப் போகவில்லை. கார்டை வக்கீலிடம் கொடுத்துவிடுவேன்.

இதோடு படம் இரண்டு பிரதி, சம்மதம் இருந்தால் நீங்கள் கையெழுத்துப் போட வக்காலத்துத் தாள் ஒன்று, வக்கீல் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர் ஒன்று வைத்திருக்கிறேன். ரிஜிஸ்டர் தபால் என்பதால் உங்கள் கைக்குத்தான் வரும். புதன், வியாழனில் கிடைத்துவிடும்.

அந்தப் பாறையில் செத்தவர் யாரென்றுகூட இப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவருக்காக ஒருவர் ஒரு வரி வெட்டிவைத்தார். அண்ணன் அன்றைக்கு எங்கே இருந்தார் என்பதற்கு எங்கேயும் ஒரு வரி இல்லை. என் பெயர் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. எனக்கு அதை மட்டும் மாற்ற வேண்டும். என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

படத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு ஆத்திரம் வரும். நான் அதில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். முகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அனுப்பலாமா என்று நினைத்தேன். வெட்டினால் அது நான்தான் என்பதற்குச் சாட்சி போய்விடும் என்று வக்கீல் சொன்னார். அப்படியே அனுப்புகிறேன். கனிஷ்கா கண்ணில் மட்டும் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவள் எங்கே வேலைக்குப் போனாலும் தன் கார்டில், தன் பெயரில் போய், போன மாதிரியே வீடு திரும்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி பேனாவைத் திறந்து உங்கள் கையில் கொடுப்பார். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மறுக்க வாய் வராது, எனக்கும் வரவில்லை. அப்போது உடனே கையை நீட்டிவிடாதீர்கள் மதினி. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள்.

இப்படிக்கு,
அன்றைக்கு உள்ளே இல்லாத
மணிகண்டபிரபு